குஞ்சின் அலகில் சந்து இல்லை

நத்தை குத்தி நாரையைப் பற்றி நான் செய்த மூன்று நிமிட அசைவூட்டப் படத்தை எங்கள் பகுதி நூலகத்தின் வாசலில் வேட்டித் துணியைத் திரையாகக் கட்டி முதன்முறையாகக் காட்டிய மாலையில், படம் முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் கைதட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்து, "அக்கா, குஞ்சுக்கு வாயில சந்து இருக்காது. பெருசான பொறவுதான் வரும்" என்றாள். விநாடிக்குப் பன்னிரண்டு படம் என்ற கணக்கில் அந்தப் படத்துக்கு 2,160 சட்டகங்கள். நான்கு மாதங்கள் இரவு நேரங்களில் உட்கார்ந்து காகிதத்தை வெட்டி, நகர்த்தி, கைப்பேசியில் ஒவ்வொன்றாக எடுத்தவை. அவற்றில் கூட்டில் இருக்கும் மூன்று குஞ்சுகளுக்கும் தாயைப் போலவே அலகின் நடுவில் சந்து வைத்து வரைந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து பறவை நூல்களைப் புரட்டினேன். அவள் சொன்னதுதான் சரி. நத்தை குத்தி நாரையின் குஞ்சு நேரான அலகோடுதான் பிறக்கிறது. வளர வளரத்தான் மேலலகும் கீழலகும் நடுவில் விலகி, மூடிய பிறகும் வெளிச்சம் தெரிகிற அந்த இடைவெளி உருவாகிறது. பாக்குவெட்டி போல நத்தையின் ஓட்டை நொறுக்குவதற்காகவே அந்தச் சந்து இருக்கிறது என்று நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் அந்தப் பறவை ஓட்டைப் பெரும்பாலும் உடைப்பதே இல்லை. கீழலகின் கூரிய நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செலுத்தி, உடலை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்துவிட்டுச் சதையை மட்டும் உருவி எடுக்கிறது. இதையெல்லாம் படத்தில் சரியாகக் காட்டியிருந்தேன். தவறு குஞ்சில் இருந்தது, ஏனென்றால் நான் பார்த்து வரைந்த ஒளிப்படங்கள் அனைத்தும் வளர்ந்த பறவைகளுடையவை.

அந்தச் சிறுமிக்கு அது எப்படித் தெரிந்தது என்பதுதான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. அவளுடைய அம்மாவின் ஊர் நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் கூந்தன்குளம். அங்கே பறவைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்லாமல் ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தை குத்தி நாரையும் ஆண்டின் இறுதியில் வந்து, குஞ்சு பொரித்து, ஆனி ஆடி வாக்கில் கிளம்பிப் போகும். எச்சமும் இரைச்சலும் வாடையும் அந்த மக்களுக்குத் தொல்லையாகத் தெரிவதில்லை. பறவை வராத ஆண்டைத்தான் அவர்கள் கெட்ட ஆண்டாகக் கருதுகிறார்கள். பறவை எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகப் போகிறது. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து மீன் கொடுத்து வளர்க்கும் வழக்கமும் அங்கே உண்டு. 2022-இல் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்புக்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்பிருந்தே அந்த ஊர் செய்துவந்த வேலை இது. விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போன பிள்ளை குஞ்சின் வாயைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருக்கிறாள். திரையில் தவறாக வந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குஞ்சுகள் வரும் சட்டகங்கள் எல்லாவற்றையும் மறுபடியும் எடுத்தேன். அந்த வேலையின்போதுதான் ஒன்று தெளிவாயிற்று. பிள்ளைகளுக்குத் தெரியாததைச் சொல்லித்தருகிறேன் என்ற எண்ணத்தில்தான் நான் இந்த வேலையில் இறங்கியிருந்தேன். உண்மையில், அவர்கள் தங்கள் கண்ணால் சரிபார்த்து என்னைத் திருத்தக்கூடிய அளவுக்கு அருகில் இருக்கும் நீரையும் உயிர்களையும் பற்றிப் படம் எடுத்தால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு. தொலைவில் உள்ளதைக் காட்டும் படத்தைப் பிள்ளை நம்ப மட்டுமே முடியும்; பக்கத்துக் குளத்தைக் காட்டும் படத்தோடு அவள் வாதாட முடியும்.

இதற்கு முன் நான் செய்த முதல் படம் இதற்கு நேர் எதிரானது. நீர்ச் சுழற்சி பற்றியது. இணையத்தில் கிடைத்த ஆயத்தப் படங்களை எடுத்து அடுக்கியிருந்தேன். ஒரு பனி மலை, கூம்பு வடிவ மரங்கள், மலையடிவாரத்தில் ஓடை, அதில் கண்சிமிட்டும் ஒரு நீர்த்துளி. பார்த்த பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. ஒரே ஒரு கேள்வியும் வரவில்லை. அந்த அமைதியை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் பொதிகை மலையில் பனி கிடையாது. அங்கே பிறக்கும் தாமிரபரணி தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் வாங்கிக்கொண்டு ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. வழியில் எட்டு அணைக்கட்டுகள், கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை, ஆற்று நீரைக் கால்வாய்களில் திருப்புகின்றன. கால்வாய் குளத்தை நிரப்புகிறது, குளம் வயலை நனைக்கிறது, கார் பருவ நெல்லும் பிசானப் பருவ நெல்லும் விளைகின்றன. இந்தப் பிள்ளைகள் குடிக்கும் தண்ணீர் வந்த வழி இது. அதில் ஒரு வளைவைக்கூட நான் காட்டவில்லை.

இரண்டாவது படத்தைக் குளத்திலிருந்து தொடங்கினேன். அங்கே சொற்களில்தான் முதலில் தடுக்கி விழுந்தேன். வட மாவட்டங்களில் ஏரி, மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் போனால் கண்மாய், செங்கல்பட்டுப் பக்கம் சிறியது என்றால் தாங்கல், எங்களுக்குக் குளம். தமிழ்நாட்டில் இத்தகைய பாசன நீர்நிலைகள் 39 ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. அவற்றின் உறுப்புகளுக்கு ஊருக்கு ஊர் பெயர் உண்டு. நிறைந்த குளம் மிகைநீரை வெளியே விடும் இடத்துக்குப் பாடநூல்களின் சொல்லையே முதலில் பின்னணிக் குரலில் பேசவைத்தேன். ஒரு சிறுவன் "அது மறுகால்தானே?" என்று கேட்டான். நாங்குநேரி அருகில் மறுகால்குறிச்சி என்று ஒரு ஊரே இருக்கிறது. நாங்குநேரி என்ற பெயருக்கும் நான்கு ஏரி என்று ஊரார் பொருள் சொல்வார்கள். தங்கள் ஊர்ப்பெயர் தண்ணீரைப் பற்றிய ஒரு குறிப்பு என்பதைக் கண்டுபிடித்தபோது அந்தப் பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் எந்த அசைவூட்டத்தாலும் உண்டாக்கியிருக்க முடியாது. அன்று முதல் படத்தில் ஊர்ச்சொல்தான் முதலில் வரும். பொதுச்சொல் தேவைப்பட்டால் பின்னால் வரும். பறவைகளுக்கும் அப்படித்தான். நெற்றியில் வெள்ளைக் கேடயம் உள்ள கறுப்புப் பறவைக்கு நாமக்கோழி என்ற பெயரைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அடையாளம் சொல்ல வேண்டியதே இல்லை. தண்ணீரில் மூழ்கி எங்கோ எழும் முக்குளிப்பானுக்கும், நீளமான விரல்களை விரித்துத் தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழிக்கும் பெயரே பாதிப் பாடம்.

குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிடும் மடையைப் பற்றிய படத்துக்கு என்னைத் திருத்தியவர் எங்கள் குளத்தில் பல்லாண்டுகள் தண்ணீர் பாய்ச்சிய ஒரு பெரியவர். நான் மடையைக் கதவு போல வரைந்து, திறந்ததும் தண்ணீர் குழாயிலிருந்து வருவதுபோல் பீறிடுவதாகக் காட்டியிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "என்ன தாயி, தண்ணி மட்டும் போனா போதுமா? சேறு எப்படிப் போவும்?" என்றார். பிறகு தரையில் குச்சியால் வரைந்து காட்டினார். குமிழித் தூம்பு என்ற பழைய வகை மடையில் இரண்டு கல்தூண்கள் குளத்துக்குள் நிற்கும். அவற்றினிடையே அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேற்புறத்துத் துளையை அடைப்பு மூடியிருக்கும். அடைப்பைத் தூக்கினால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். தரையை ஒட்டிய சிறு துளைகள் வழியாக, இறங்கும் நீரின் வேகத்தால் இழுபட்டு அடிச்சேறும் கூடவே போகும். நீரோடித் துளை, சேறோடித் துளை என்று அவற்றுக்குப் பெயர். வண்டல் வயலுக்குப் போகிறது, குளம் மேடு தட்டாமல் இருக்கிறது. நிறைந்த குளத்தில் மூச்சடக்கி மூழ்கி அந்த அடைப்பைத் திறந்தவர்களின் உயிர் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பின் விளிம்பில்தான் இருந்தது. தண்ணீருக்கு அடியில், கரைக்கு உள்ளே நடக்கும் இதை எந்தக் கேமராவும் காட்ட முடியாது. கரையைக் குறுக்கே பிளந்தது போல ஒரு குறுக்குவெட்டு வரைந்தேன். பழுப்பு நிறத் தூள் ஒன்று நீல நிறத்தின் அடியில் நகர்ந்து போனது. பெரியவர் இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

அசைவூட்டம் எதற்கு, ஒளிப்படக் கருவியே போதாதா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கண்ணுக்கு முன்னால் இருப்பதைக் காட்ட அசைவூட்டம் தேவையில்லை. அதற்குப் பிள்ளையைக் கரைக்கு அழைத்துப் போனால் போதும். மண்ணுக்குள் இருப்பதையும், தண்ணீருக்கு அடியில் இருப்பதையும், ஓர் ஆண்டு முழுவதும் மெதுவாக நடப்பதையும் ஒரே மூச்சில் காட்டவே அது வேண்டும்.

இவற்றில் என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது ஓர் ஆண்டை ஒரே சட்டகத்தில் அடக்கிய படம். மழையை மட்டும் நம்பியிருக்கும் ஒரு மானாவாரிக் குளத்தின் கரையில் ஒரு பனையடியைத் தேர்ந்தெடுத்து, ஆடி மாதம் தொடங்கி மாதம் ஒருமுறை அதே இடத்தில் உட்கார்ந்து அதே காட்சியை வரைந்தேன். எதிரே மலைத்தொடர், இடப்பக்கம் ஒற்றைக் கருவேல மரம், நடுவே குளம். ஆடியில் காற்று மட்டும்தான். குளம் வெடித்துக் கிடந்தது. புரட்டாசியில் பையன்கள் அதன் நடுவில் கிரிக்கெட் விளையாடினார்கள். ஐப்பசி பாதியில் முதல் தண்ணீர் மடையோரப் பள்ளத்தில் தேங்கியது. அன்று இரவே தவளைச் சத்தம் ஊர்வரை கேட்டது. கார்த்திகை முடியும்போது மரத்தின் அடி நனைந்துவிட்டது. மார்கழியில் சிறகிக் கூட்டம் இறங்கியது. மாசியில் நீர் பின்வாங்கிய சேற்றில் உள்ளான்களும் அரிவாள் மூக்கன்களும் கால் புதையக் கொத்தின. சித்திரையில் நடுவே ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது, அதைச் சுற்றி நாரைகள் சந்தை கூடியது போல நின்றன. பன்னிரண்டு ஓவியங்களையும் இடைப்படங்களால் இணைத்து இரண்டு நிமிடமாக ஓடவிட்டபோது, குளம் மூச்சு இழுத்து விடுவது போலத் தெரிந்தது.

அந்தப் படத்தின் கீழ்ப்பாதியில் மண்ணுக்குள் நடப்பதை வரைந்திருந்தேன். கிரிக்கெட் பந்து உருளும் அதே தரைக்குக் கீழே, தன் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு ஆப்பிள் நத்தை மழைக்காகக் காத்துக் கிடக்கிறது. ஈரம் மிஞ்சிய ஆழத்தில் தவளை ஒடுங்கியிருக்கிறது. முதல் மழை நீர் விரிசல் வழியே இறங்கியதும் நத்தையின் மூடி திறக்கிறது, பிறகுதான் நத்தை குத்தி நாரை வருகிறது. இந்த இணைப்பைப் பார்த்த ஒரு பையன், "அப்ப நாங்க நத்தை மேலயா வெளையாடினோம்?" என்று கேட்டான். வறண்ட குளம் செத்த குளம் இல்லை என்பதை நான் ஒரு வார்த்தையிலும் சொல்லவில்லை. அவனுடைய கேள்வியில் அது இருந்தது.

இந்த ஒரு காட்சிக்காகவே இத்தனை ஆண்டு உழைப்பும் தகும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும் குளம் பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் பொட்டல். அங்கே மண் கொட்டினால் யாருக்கும் உறுத்துவதில்லை. மறுகால் ஓடையில் சுவர் எழும்பினால் அது யாருடைய வழியையும் மறிப்பதாகத் தோன்றுவதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, தண்ணீர் தன் பழைய வழிகளைத் தேடிப்பிடித்து வீடுகளுக்குள் புகுந்தது. அதற்குப் பின் அந்த ஒற்றைச் சட்டகப் படத்தைக் காட்டியபோது பெரியவர்களும் பிள்ளைகளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்கு வரத்துக்காலாக மாறும் தொடரை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து சேர்த்திருந்தேன். தங்கள் தெரு அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று அவர்கள் விரல் வைத்துத் தேடினார்கள்.

விலங்குகளைப் பேசவைப்பது பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பேசவைக்கலாம், ஆனால் பொய் சொல்லவைக்கக் கூடாது. நாரைக்குச் சிரிப்பு வரைந்தால் அலகின் வடிவம் கெடுகிறது. நண்டுக்கு மனிதக் கண் வைத்தால் காம்பில் நிற்கும் அதன் உண்மையான கண் மறைகிறது. உண்மையே போதுமான அளவு வியப்பானது. நீளவால் இலைக்கோழியில் முட்டையிட்ட பெண் பறவை வேறு ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான். "அப்பாவா அடைகாக்குது?" என்று சிரித்த வகுப்பில், குஞ்சுகளைச் சிறகுக்கடியில் சேர்த்துக்கொள்ளும் அந்தத் தந்தையின் காட்சி வந்ததும் சத்தம் அடங்கியது. விராலும் தன் செந்நிறக் குஞ்சுத் திரளைக் காவல் காத்துக்கொண்டே நீந்தும். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைப் பருந்து தூக்கிப் போவதையும் நான் காட்டுகிறேன். அந்தக் காட்சியை எடுத்துவிடும்படி ஓர் ஆசிரியை அன்போடு கேட்டார். நான் எடுக்கவில்லை. பருந்தின் கூட்டிலும் ஒரு குஞ்சு இருக்கிறது என்று அடுத்த சட்டகத்தில் வரைந்து சேர்த்தேன்.

வெளியிலிருந்து வந்த உயிர்களைக் காட்டுவதுதான் கடினமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் குளத்தை வரையச் சொன்னால் பாதிப் பேர் ஊதாப் பூவோடு ஆகாயத்தாமரையைத்தான் அழகாக வரைகிறார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த குளம் அதுதான். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி நீர்ப்பரப்பை மூடி வெளிச்சத்தைத் தடுக்கிறது. ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட, 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன்தான். ஆனால் அதைப் பிடித்து வந்து குழம்பு வைத்துத்தான் சில வீடுகள் நடக்கின்றன. அதனால் படத்தில் யாரையும் வில்லனாக்கவில்லை. ஆகாயத்தாமரை விரிவதற்கு முன்னும் பின்னும் தண்ணீருக்குள் எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறது என்பதை மட்டும் அருகருகே காட்டினேன்.

படங்களைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று முன்பு எண்ணியிருந்தேன். இப்போது முடிந்தவரை அப்படிச் செய்வதில்லை. கைப்பேசியில் நம் குளம் முடிந்ததும் அடுத்த படம் தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. பிள்ளை கேள்வி கேட்க நினைத்த அந்த நொடி அதில் கரைந்துபோகிறது. திரை கட்டிக் காட்டினால் படம் முடிந்ததும் இருட்டும் பேச்சும் மிஞ்சும். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரியவர்கள் துணையோடு கரைக்குப் போகிறோம். ஒவ்வொரு முறையும் மடையருகே எவ்வளவு ஆழம், நீர் இழுக்கும் இடம் எது, சேற்றில் கால் எங்கே மாட்டும் என்பதைக் காட்டிய பிறகுதான் பறவை பார்க்கத் தொடங்குகிறோம். குளத்தை நேசிக்கச் சொல்லித்தரும் படம், குளத்தில் மூழ்கும் ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் அது பெரும் குற்றம். அதனால் மடைப் படத்தின் கடைசி இருபது விநாடிகள் அந்த எச்சரிக்கைக்கே.

இப்போது பிள்ளைகளே வரைந்து வெட்டும் படம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. எங்கள் குளத்தின் வடகரையை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே சில ஆண்டுகளாகக் குப்பை கொட்டப்படுகிறது. அதை வரைவதா விடுவதா என்று ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. நம் குளம் அசிங்கமாகத் தெரியும் என்று சிலரும், இருப்பதைத்தானே வரைய வேண்டும் என்று சிலரும் பேசினார்கள். நான் வாய் திறக்கவில்லை. அலகில் சந்து இருக்காது என்று சொன்ன அந்தச் சிறுமி இப்போது ஆறாம் வகுப்பு. அவள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, நீல நிறப் பாலித்தீன் பை ஒன்றையும் அதன் ஓரத்தில் நிற்கும் ஒரு மடையான் கொக்கையும் வெட்டி எடுத்தாள். மடையானின் கால் விரல்கள் பையின்மேல் எப்படி நிற்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நாளைக் காலை பார்த்துவிட்டு ஒட்டுவதாகச் சொல்லி, இரண்டு துண்டுகளையும் தனித்தனியாக நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.